கோட்டையை வரைந்தால் கலரிங் புக் மாதிரி வருகிறது, கலரில் கையைத் தளர்த்துவது எப்படி?

காட்பாடி கிறுக்கன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பென்சில் எனக்குப் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஃப்ரீஹேண்ட் டிராயிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணியவன். போட்டோ கொடுத்தால் இமை முடி வரைக்கும் எடுத்துவிடுவேன். அப்பா அம்மா அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசு கொடுக்கணும் என்று ஆபீஸில் யாராவது ஒருத்தர் வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கலர் என்று வந்தால்தான் சிக்கல். வேலூர்க் கோட்டை அகழிக்கு எதிரே உட்கார்ந்து வாட்டர் கலரில் போடுகிறேன். முதலில் பென்சிலில் மதில், கொத்தளம், ஒவ்வொரு கல்லின் இணைப்பு எல்லாம் அச்சு பிசகாமல் வந்துவிடுகிறது. அப்புறம் கல்லுக்குச் சாம்பல், மரத்துக்குப் பச்சை, வானத்துக்கும் தண்ணிக்கும் நீலம் (அந்தத் தண்ணி எந்தக் காலத்தில் நீலமாக இருந்தது என்று வேலூர்க்காரர்கள் யாரும் கேட்க வேண்டாம்). கோடு தாண்டாமல் நிரப்பி முடித்துப் பார்த்தால் சின்னப் பசங்க கலரிங் புக்கில் ஒரு பக்கம் கிழித்து வைத்த மாதிரி இருக்கிறது. தப்பு என்று எதையும் காட்ட முடியாது, ஆனால் உயிர் இல்லை.

எனக்குப் பிடித்ததெல்லாம் வேறு மாதிரி படங்கள். நாலு பிரஷ் இழுப்பில் ஒரு ஆள் நிற்பான், முகத்தில் ஊதா இருக்கும், மரத்தில் ஆரஞ்சு இருக்கும், தள்ளி நின்று பார்த்தால் அந்த வெயிலே நம் மேல் அடிக்கிற மாதிரி இருக்கும். அப்படிப் போடலாம் என்று வேகமாக இழுத்தால் எல்லாம் கலந்து சேற்றுக் கலர்தான் மிச்சம். வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் "ரிலாக்ஸா பண்ணுங்க, ஃப்ரீயா பண்ணுங்க" என்கிறார்கள். ஃப்ரீயாக இருக்கத் தெரிந்தால் நான் ஏன் வீடியோ பார்க்கிறேன்?

கேட்க நினைப்பது: பென்சிலில் கோடு போடுவதையே விட்டுவிடணுமா? கண்ணுக்குத் தெரியாத ஊதாவை எங்கே வைப்பது, சும்மா கற்பனையில் வைக்கிறார்களா இல்லை ஏதாவது கணக்கு இருக்கிறதா? எந்தெந்தக் கலர் கையில் இருந்தால் போதும்? கிளாஸில் சேர நேரம் இல்லை, ஷிப்ட் வேலை.


சத்துவாச்சாரி வாட்டர்கலர் எழுதியது:

கணக்கு இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது. லூஸாகப் போடுகிறவர்கள் கை வேகம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், பாதி நேரம் பிரஷ்ஷைத் தண்ணியில் வைத்துவிட்டு எதிரே முறைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். முடிவு எல்லாம் பிரஷ் பேப்பரைத் தொடுவதற்கு முன்னாலேயே எடுத்தாகிவிடும். அதனால் தொட்ட பிறகு திருத்த வேண்டியதில்லை, திருத்தாததால் அது சுதந்திரமாகத் தெரிகிறது.

என்ன முடிவு என்றால், முதலில் டோன். எது வெளிச்சம், எது நடுத்தரம், எது இருட்டு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இடுக்கிப் பாருங்கள், கல் இணைப்பு, இலை, ஜன்னல் கம்பி எல்லாம் காணாமல் போய் மூன்று நாலு பெரிய வடிவம் மட்டும் நிற்கும். அந்த நாலைத்தான் வரைய வேண்டும். சந்தேகம் இருந்தால் போனில் படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், அப்புறம் உங்கள் ஓவியத்தையும் அதே மாதிரி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். டோன் சரியாக இருந்தால் மரத்தை ஆரஞ்சில் போட்டாலும் மரம் மரமாகவே நிற்கும். டோன் தப்பென்றால் எவ்வளவு சரியான பச்சையைக் கலக்கினாலும் அது பேப்பரில் ஒட்டின பச்சைதான். 1905 கோடையில் மத்தீஸ், தெரெய்ன் என்ற இரண்டு ஓவியர்கள் பிரான்சின் தெற்கே கோலியூர் என்ற துறைமுக ஊரில் உட்கார்ந்து சிவப்புத் தரை, பச்சை முகம், ஆரஞ்சு மலை என்று போட்டுத் தள்ளினார்கள். அந்த வருஷமே பாரிஸ் கண்காட்சியில் அவற்றைப் பார்த்த ஒரு விமர்சகர் 'காட்டு மிருகங்கள்' என்று எழுதிவிட்டார், அதுவே அந்தக் கூட்டத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. ஆனால் அந்தப் படங்களில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் இருட்டும் வெளிச்சமும் பெரும்பாலும் அதனதன் இடத்தில் இருக்கும்.

நீங்கள் கோட்டைக்குப் போகிற நேரம் எது என்று சொல்லவில்லை. காலையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோட்டை வாசல் கிழக்குப் பக்கம், காலையில் வெயில் நேராக அந்த மதிலில் அடிக்கிறது. நிழலே இல்லாமல் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிகிறது, கண் தானாகவே கல் எண்ண ஆரம்பித்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதே இடத்தில் உட்காருங்கள். சூரியன் கோட்டைக்குப் பின்னால் போயிருக்கும், மதில் முழுக்க ஒரே நிழல் வடிவம், மேலே வானம் வெள்ளையாகக் கொதிக்கும், கீழே அகழியில் இரண்டும் தலைகீழாக. வரைய வேண்டியது அவ்வளவுதான். மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் ரூவான் ஊர்த் தேவாலயத்தின் முகப்பை 1892, 1893 இரண்டு வருஷமும் எதிரே இருந்த கட்டடங்களில் இடம் பிடித்து உட்கார்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட தடவை வரைந்தது கல்லுக்காக இல்லை, வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்ததுக்காக. நமக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம், காலை ஒன்று சாயங்காலம் ஒன்று போட்டாலே விஷயம் பிடிபட்டுவிடும்.

இப்போது ஊதா. வெயில் படாத இடத்துக்கும் வெளிச்சம் எங்கிருந்தோ வந்துகொண்டுதானே இருக்கிறது? வெளியிடத்தில் அது பெரும்பாலும் வானத்திலிருந்து வருகிறது, வானம் நீலம். அதனால் நிழல் நீலம் பக்கம் சாய்கிறது. நம்மூர் கருங்கல்லில் ஏற்கெனவே லேசான ரோஸ் சாயல் உண்டு, அதன் மேல் நீலம் விழுந்தால் ஊதா வராமல் என்ன வரும். அதே மதிலின் அடிப்பாகத்தைப் பாருங்கள், தரையில் அடித்த வெயில் திரும்பிக் கல்லில் படுகிறது, அங்கே நிழல் கொஞ்சம் காவியாகச் சூடேறி இருக்கும். மேலே குளிர்ந்த ஊதா, கீழே காவி கலந்த ஊதா, ஒரே நிழலுக்குள் இரண்டு. நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு பழைய விசிட்டிங் கார்டில் பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை போட்டு, கையை நீட்டிப் பிடித்து, அந்த ஓட்டை வழியாக ஒரு இடத்தை மட்டும் பாருங்கள். 'இது கல், கல் சாம்பல்' என்று மூளை சொல்வதைக் கார்டு மறைத்துவிடும், வெறும் கலர் மட்டும் ஓட்டையில் நிற்கும். அதைத்தான் கலக்க வேண்டும். தெரிந்த பிறகு ஒரு படி கூட்டி வையுங்கள், ஊதா சாயல் தெரிந்தால் ஊதாவாகவே வையுங்கள்.

சேறு எதனால் வருகிறது என்றால் இரண்டு காரணம். ஒரே கலவையில் மூன்று நாலு கலர் போவது ஒன்று. பாதி காய்ந்த வாஷ் (தண்ணியாக இழுத்த கலர்ப் பூச்சு) மேல் மறுபடி பிரஷ்ஷை வைத்துத் தேய்ப்பது இன்னொன்று. ஒரு கலவைக்கு இரண்டு கலர், ஒரு இடத்துக்கு ஒரு தடவை, பிடிக்கவில்லை என்றால் முழுசாகக் காயும் வரை கை வைக்காதீர்கள். பிரஷ் ஒரு இஞ்ச் ஃப்ளாட், பேப்பர் போஸ்ட் கார்டு சைஸ். சின்ன பேப்பரில் பெரிய பிரஷ் இருந்தால் கல் இணைப்பு போட நினைத்தாலும் முடியாது.


பழைய பேனர் எழுதியது:

தம்பி, முகத்தில் ஊதா, பச்சை எல்லாம் பாரிஸ்காரன் கண்டுபிடித்தது என்று படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபிக்க வேண்டாம். நம்ம ஊர் தியேட்டர் வாசலில் நின்ற பேனர் எதையும் நீங்கள் பார்த்ததில்லையா? ஹீரோ முகத்தில் ஒரு பக்கம் மஞ்சளும் ரோஸும், இன்னொரு பக்கம் நீலமும் பச்சையும். கிட்டப் போய்ப் பார்த்தால் திட்டுத் திட்டாக இருக்கும், மூக்கு எது கன்னம் எது என்று தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது அவருடைய முகம், கோபமாக இருக்கிறாரா சிரிக்கிறாரா என்பது வரைக்கும் தெரியும். யாரும் 'ஏன் தாடை பச்சையாக இருக்கிறது' என்று கேட்டதில்லை.

ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் வேலையை முடித்தது வேறு கதை. ஆனால் அந்த வேலையில் இருந்தவர்கள் லூஸாகப் போடக் கற்றது ஆசைப்பட்டு இல்லை, வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ், வியாழன் ராத்திரிக்குள் பேனர் ஏற வேண்டும். துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வெள்ளை பூசிக் காய வைத்து, ஸ்டில் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிசாகப் போட்டு, பவுடர் கலரை ஆளி விதை எண்ணெயில் குழைத்து அடிக்க ஆரம்பித்தால் நின்று யோசிக்க நேரம் கிடையாது. முகம் மட்டும் வாத்தியார் தொடுவார். பையன்களுக்கு எழுத்தும் சட்டையும் பின்னணியும்.

வாத்தியார் முகத்தைப் போடுகிற வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் இருட்டுப் பக்கம் மொத்தமும் ஒரே அடி. கண் குழி, மூக்கடி, தாடைக்குக் கீழ், கழுத்து எல்லாம் சேர்ந்து ஒரே வடிவம், நடுவில் பிரிக்கவே மாட்டார். அப்புறம் வெளிச்சப் பக்கம். நெற்றிக்கு மஞ்சள் சாயல், மூக்கு கன்னம் காது இந்த நடுப்பட்டைக்குச் சிவப்புச் சாயல், மீசைக்குக் கீழே தாடைக்கு நீலமோ பச்சையோ. சும்மா அழகுக்கு இல்லை, நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. நடு முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், ஆம்பளைத் தாடையில் சவரம் பண்ணின மயிர்க்கால் தோலுக்கு அடியில் நீலமாகத் தெரிகிறது. நாளைக்கு டீக்கடையில் வெயில்படும் பக்கம் உட்கார்ந்திருக்கிற யாரையாவது பாருங்கள். கண்ணின் வெள்ளையில் ஒரு சொட்டு வெள்ளை போட விடமாட்டார், அது சாம்பல்தான். சுத்தமான வெள்ளை மொத்த முகத்துக்கும் ஒரே இடம், அதுவும் கடைசியில், மூக்கு நுனியிலோ கருவிழியிலோ ஒரு புள்ளி.

உங்களுக்கு நான் சொல்வது, போட்டோ பார்த்து இமை முடி வரைகிற உங்கள் வேலையை வீணாக்காதீர்கள். அதே போட்டோவைத் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, போஸ்டர் கலரில், இருட்டுக்கு ஒரு கலர் வெளிச்சத்துக்கு ஒரு கலர் என்று இரண்டே அடியில் போட்டுப் பாருங்கள். தலைகீழாக இருந்தால் கண், மூக்கு என்று பெயர் சொல்லத் தோன்றாது. அப்புறம் நாலு பிரஷ் இழுப்புக்கு ஒரு தடவை எழுந்து பின்னால் போங்கள், அறை சின்னதாக இருந்தால் கண்ணாடியில் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கிற படம் எல்லாம் இறுகித்தான் போகும், கண்ணுக்கும் பேப்பருக்கும் ஒரு முழம் தூரம் இருந்தால் எந்த ஓட்டையையும் அடைக்கத்தான் கை போகும்.


காட்பாடி கிறுக்கன் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. விசிட்டிங் கார்டு ஓட்டையை ஆபீஸ் மொட்டை மாடியிலேயே செய்து பார்த்தேன். எதிரே வெள்ளைச் சுவர், அதன் நிழல் பக்கம் நிஜமாகவே நீலம், கீழே ஓரத்தில் பக்கத்து வீட்டு ஓட்டுச் சிவப்பு ஒட்டியிருக்கிறது. இத்தனை நாள் எதிரிலேயே இருந்திருக்கிறது.

இப்போது அடுத்த சந்தேகம். கலர் தெரிகிறது, எடுத்துத் தட்டில் கலக்கினால் சரியாக இருக்கிறது, பேப்பரில் வைத்த உடனே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. தட்டில் பார்த்த ஊதா பேப்பரில் வெறும் சாம்பல். இது என் கண் கோளாறா, கலர் கோளாறா? இன்னொன்று, இந்த மே மாத வெயிலில் வாஷ் இழுத்து முடிப்பதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்துவிடுகிறது, ஈரத்தோடு ஈரம் சேர்ப்பதெல்லாம் ஊட்டியில்தான் நடக்கும் போல.


ஆரணி நூல்கண்டு எழுதியது:

கண்ணும் கோளாறு இல்லை, கலரும் கோளாறு இல்லை, பக்கத்துக் கலர்தான் காரணம். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது, ஓவியம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் கலர் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் தறியில்தான். சாயம் போட்டு வந்த நூலை வாசல் வெளிச்சத்தில் பார்த்து 'சரியா இருக்கு' என்று அப்பா வாங்கி வைப்பார். பாவில் (நெடுக்கு நூல்) ஏற்றி ஊடை (குறுக்கு நூல்) நாலு விரல்கடை ஓடின உடனே அதே நூல் வேறு கலராகத் தெரியும். மாம்பழ மஞ்சள் உடம்புக்கு அரக்கு பார்டர் வைத்தால் மஞ்சள் தனியாக எடுப்பாக நிற்கும், அதே மஞ்சளுக்கு ஆரஞ்சு பார்டர் வைத்தால் மங்கிக் கிடக்கும். நூல் ஒன்றேதான், ஒரே கட்டிலிருந்து பிரித்தது.

இதை ஒருத்தர் உட்கார்ந்து ஆராய்ந்தே எழுதியிருக்கிறார். ஷெவ்ரல் என்று ஒரு வேதியியல்காரர், பாரிஸில் கோப்லான் என்ற அரசாங்க நெசவுச்சாலையில் சாயப்பட்டறைக்குப் பொறுப்பாக 1824இல் போனவர். அங்கே வந்த புகார்களில் ஒன்று, நீலத்துணிக்கும் ஊதாத்துணிக்கும் மடிப்பு நிழல் காட்ட நெய்கிற கறுப்பு நூலில் சத்தே இல்லை, வெளிறித் தெரிகிறது என்பது. அவர் கறுப்பைச் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் எந்தக் குறையும் இல்லை. நீலத்தையும் ஊதாவையும் பார்த்துக்கொண்டிருக்கிற கண் அதற்கு எதிர்க்கலரான ஆரஞ்சையும் மஞ்சளையும் தானே உண்டாக்கிப் பக்கத்துக் கறுப்பின் மேல் பூசிவிடுகிறது, அதனால் கறுப்பு துரு ஏறின மாதிரி தெரிகிறது. 1839இல் இதையெல்லாம் பெரிய புத்தகமாகப் போட்டார், பின்னால் வந்த ஓவியர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். சாயப்பட்டறை சண்டையிலிருந்து ஓவியத்துக்கு வந்த பாடம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, நாங்களும் சாயக்காரரோடு அந்தச் சண்டையைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே உங்கள் ஊதா சாம்பலாகத் தெரிந்தால் அதில் இன்னும் ஊதாவை ஊற்றாதீர்கள். பக்கத்தில் வெயில்படும் கல்லை மஞ்சள் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள், நிழலைத் தொடாமலேயே ஊதா எழுந்து வரும். ஊதாவுக்கு எதிர் மஞ்சள், நீலத்துக்கு ஆரஞ்சு, சிவப்புக்குப் பச்சை. வீட்டில் சோதிக்க, ஒரே சாம்பல் பேப்பரில் இரண்டு சதுரம் வெட்டி ஒன்றைச் சிவப்பு அட்டை மேலும் ஒன்றைப் பச்சை அட்டை மேலும் வையுங்கள், இரண்டும் ஒரே சாம்பல் என்று நீங்களே நம்பமாட்டீர்கள்.

அப்புறம் மயில்கழுத்துப் புடவை. அந்தக் கலரில் நூலே கிடையாது. பாவு நீலம், ஊடை பச்சை, இரண்டும் தனித்தனியாக அருகருகே ஓடுகிறது, கலப்பது உங்கள் கண். அதனால்தான் அசைந்தால் மினுங்குகிறது. அதே நீலத்தையும் பச்சையையும் சாயத்தொட்டியிலேயே கலந்து ஒரே நூலாக எடுத்தால் செத்த கலராகத்தான் இருக்கும். நீங்கள் தட்டில் எல்லாவற்றையும் கலந்து ஒரே கலராக்கிப் பூசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீலம் ஒரு இழுப்பு, பக்கத்தில் பச்சை ஒரு இழுப்பு, கலக்காமல் வைத்துப் பாருங்கள், இரண்டின் டோனும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும். ஒன்று மட்டும் ஜாக்கிரதை, சிவப்பும் பச்சையுமாக எதிர்க்கலரை ரொம்பப் பொடிசாக அருகருகே வைத்தால் தள்ளிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துப் பழுப்பாகிவிடும். எதிர்க்கலர் என்றால் பெரிய பரப்பாக வையுங்கள், உடம்புக்கும் பார்டருக்கும் வைக்கிறோமே அப்படி.

எந்தக் கலர் எடுப்பது என்று குழம்பினால் ஏதாவது ஒரு நல்ல புடவையை முன்னால் வைத்துக்கொண்டு அதில் இருக்கிற கலரை மட்டும் வைத்து கோட்டையைப் போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உடம்புக் கலர் பெரும்பகுதி, பார்டர் அதில் கொஞ்சம், ஜரிகை அளவுக்கு ஒரு துளி மூன்றாவது கலர். அளவு ஏற்கெனவே தீர்மானமாகி இருப்பதால் படம் கலைந்து போகாது.


வாலாஜா வாசி எழுதியது:

எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள், ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. பென்சிலை விடலாமா என்று அவர் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, தலைகீழ், கண்ணை மூடு என்று சொல்லிக்கொண்டே போனால் வரைதலே வேண்டாம் என்று ஆகிவிடும். மத்தீஸ் எடுத்த உடனே பச்சை முகம் போடவில்லை. மொரோ என்ற ஓவியரிடம் மாணவராக இருந்து லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பழைய ஓவியங்களைப் பிரதி எடுத்தவர். நம் பக்கத்துக்கே வாருங்கள், திருவண்ணாமலையில் 1932இல் பிறந்த ஓவியர் சந்தானராஜ் (அப்போது அதுவும் வட ஆற்காடுதான்), பின்னாளில் சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராகவே இருந்தவர். அவருடைய கலர் எவ்வளவு தாறுமாறாக ஓடினாலும் அடியில் கோடு கெட்டியாக இருக்கும். கோடு தெரிந்தவர் கோட்டைத் தாண்டினால் அதைப் பார்க்க ஒரு அழகு இருக்கிறது. தெரியாதவர் தாண்டினால் கலர் வழிந்தது என்றுதான் தோன்றும்.

ஆகவே பென்சில் இருக்கட்டும், ஆனால் பேப்பரில் வேண்டாம். தனி நோட்டில் அந்த இடத்தை நன்றாக வரைந்து முடியுங்கள், கல் இணைப்பு உட்பட. பிறகு நோட்டை மூடிவிட்டு, கலர் பேப்பரில் நேராக பிரஷ்ஷால் போங்கள். கைக்கு அந்த அளவுகள் ஞாபகம் இருக்கும். ஹையர் பாஸ் பண்ணின கை வேறு.


சத்துவாச்சாரி வாட்டர்கலர் எழுதியது:

வாலாஜா வாசி சொல்வது சரிதான், அந்த நோட்டு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வரம்பு சொல்லுங்கள் ஐயா, இவர் நோட்டிலேயே உட்கார்ந்து சாயங்காலத்தைக் கழித்துவிடுவார், எனக்குத் தெரிந்த டிராயிங் கை எல்லாம் அப்படித்தான்.

வெயில் பிரச்சினைக்கு வருகிறேன். நாற்பது டிகிரி தாண்டுகிற ஊரில் வாட்டர் கலர் போடுவது பிடிவாதம்தான், ஆனால் வழி இருக்கிறது. முந்நூறு ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த பேப்பர், பின்பக்கமும் முன்பக்கமும் நன்றாக நனைத்து, ஒரு பிளாஸ்டிக் அட்டை மேல் படுக்க வையுங்கள். அடியில் இருக்கிற ஈரம் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். கலர் தண்ணியில் மெடிக்கலில் கிடைக்கிற கிளிசரின் இரண்டு சொட்டு விட்டால் காய்வது தள்ளிப்போகும், அதிகம் விட்டால் படம் நாள் முழுக்கப் பிசுபிசுக்கும். சலூனில் வைத்திருப்பார்களே அந்தத் தண்ணி அடிக்கிற பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும். அக்ரிலிக் என்றால் ஒரு டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் கலர். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

கலருக்கு முதலில் ஆறு ட்யூப் போதும்: லெமன் மஞ்சள், காவி மஞ்சள், ஆரஞ்சு சாயல் உள்ள ஒரு சிவப்பு, கிரிம்சன் (ரோஸ் பக்கம் சாய்ந்த சிவப்பு), அல்ட்ராமரைன் (ஊதா பக்கம் சாய்ந்த நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). கறுப்பு வாங்க வேண்டாம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ தள்ளிக்கொள்ளக்கூடிய நல்ல இருட்டு வரும். கோட்டைக் கல்லுக்கு அதுவே போதும், காய்ந்த பிறகு துகள் துகளாகப் படிந்து கல் மாதிரியே இருக்கும். ட்யூபில் வருகிற பச்சையும் வேண்டாம். புங்க மரம் புதுசாக இலை விட்டிருக்கும்போது பாருங்கள், அது முக்கால்வாசி லெமன் மஞ்சள், நீலம் சும்மா தொட்டுக்கொள்ள. புளிய மரம் அதற்கு நேர் எதிர், காவி மஞ்சளில் அல்ட்ராமரைன், கொஞ்சம் சியன்னா. வாட்டர் கலர் காய்ந்தால் ஒரு படி வெளிறும், அதனால் ஈரத்தில் 'இது ஜாஸ்தி' என்று தோன்றுகிற அளவுக்கு வையுங்கள். நீங்கள் சொன்ன ஊதா சாம்பலானதில் பக்கத்துக் கலரோடு இதற்கும் பங்கு இருக்கும்.

இன்னொரு பயிற்சி, உங்களுக்கு இதுதான் நேராக மருந்து. அமெரிக்காவில் ஹாதார்ன் என்று ஒரு வாத்தியார், 1899இல் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் வெளியிடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற பள்ளி தொடங்கியவர். ஆளை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்க வைப்பார், பெரிய தொப்பி போட்டு முகம் முழுக்க நிழல். மாணவர்களுக்கு பிரஷ்ஷே கிடையாது, சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டால் கலரை அப்ப வேண்டும். கண் மூக்கு போடவும் கூடாது. முகம் ஒரு கலர்த் திட்டு, தொப்பி ஒன்று, பின்னால் கடல் ஒன்று, இந்தத் திட்டுகள் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கிறதா என்பது மட்டும்தான் பாடம். அந்தப் படங்களுக்குச் 'சேற்றுத் தலை' என்றே பெயர். சேறு என்று நீங்கள் பயப்படுகிறீர்கள், அங்கே அதற்காகவே உட்கார்ந்தார்கள். நம் ஊரில் தொப்பிக்குப் பதில் தலையில் துண்டு போட்ட ஆள் எந்த மார்க்கெட்டிலும் கிடைப்பார். கேட்டுவிட்டு வரையுங்கள்.


காட்பாடி கிறுக்கன் எழுதியது:

பட்டித் தகட்டை வாட்டர் கலரில் எப்படிப் பிடிப்பது அண்ணா? ட்யூப் கலரை அப்படியே அப்பினால் பேப்பர் தாங்குமா? வீட்டில் அம்மாவின் பழைய ஆரணிப் பட்டு ஒன்று இருக்கிறது, நூல்கண்டு அக்கா சொன்ன மாதிரி முதலில் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அரக்கில் பச்சை பார்டர். கோட்டை மதில் அரக்கு, வானம் பச்சை என்று வைக்கப் போகிறேன், வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.


ஆரணி நூல்கண்டு எழுதியது:

அரக்கும் பச்சையும் எதிர்க்கலர், நன்றாக நிற்கும். பச்சையை நிறையத் தண்ணி விட்டு வெளிற வையுங்கள், இரண்டும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் மதில் ஓரம் கண்ணைக் கூசும். ஜரிகையை மறந்துவிடாதீர்கள்.


பழைய பேனர் எழுதியது:

தகடு வாட்டர் கலருக்கு ஆகாது தம்பி, வெடித்து உதிர்ந்துவிடும். அக்ரிலிக்கோ ஆயில் கலரோதான். ஹார்டுவேர் கடையில் இரண்டு இஞ்ச் பட்டித் தகடு எவர்சில்வரில் கேளுங்கள், இரும்புத் தகடு துருப்பிடித்து வெள்ளையைக் கெடுத்துவிடும். வாங்கியதும் இரண்டு மூலையையும் அரத்தால் கொஞ்சம் உருட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேப்பரைக் கீறும். பேப்பருக்குப் பதில் பழைய நோட்டு அட்டையை எடுத்து வெள்ளை பிரைமர் இரண்டு கை அடித்துக் காயவைத்தால் போதும். கலரைத் தட்டில் அரைகுறையாகக் கலந்து எடுங்கள், முழுசாகக் குழைக்காதீர்கள். ஒரே இழுப்பில் இரண்டு கலரும் வரி வரியாக வரும். ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவில் தகட்டைத் துணியில் துடைக்கணும், அதற்குப் பழைய லுங்கி ஒன்று கிழித்து வைத்துக்கொள்ளுங்கள், பனியன் துணி நூல் நூலாகக் கலரில் ஒட்டும்.